உதவித்தொகை நின்ற வீட்டில் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். முக்கூடலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. நான் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் ஊக்குநர். எங்கள் தெருவில் 38 வீடுகள். எல்லா வீட்டிலும் பீடி சுற்றுகிறோம். இந்த ஆண்டு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் குறைகிறது. பீடிக் கடையில் வாரத்துக்கு மூன்று நாளுக்குத்தான் இலையும் தூளும் தருகிறார்கள். மூன்று பாட்டிமாருக்கு முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது. இரண்டு குடும்ப அட்டைகளில் கைரேகை பதியவில்லை என்று பெயர் நீக்கியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வர வேண்டிய பீடித் தொழிலாளர் கல்வி உதவித்தொகை வரவில்லை. நூறு நாள் வேலைக் கூலியும் தாமதம். தெருவில் இரண்டு கர்ப்பிணிகள் இருக்கிறார்கள். காசநோய் மாத்திரை சாப்பிடும் கொத்தனார் ஒருவர் இருக்கிறார். உதவித்தொகை நின்ற பாட்டிகளில் ஒருவருக்கு ஒரு மாதத்துக்கு மேலாக இருமல், தூசி இருமல்தான். குழுவின் சேமிப்பில் 46,000 ரூபாய் இருக்கிறது. அதை எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறோம். "இலவசத்துக்குப் பழகிவிட்டீர்கள், அதனால்தான் இந்தப் புலம்பல்" என்கிறார் மளிகைக் கடைக்காரர். இது மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விதானா என்று தெரியவில்லை. ஆனால் தெருவில் நோய் புகுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

– ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

மற்றதையெல்லாம் பிறகு பேசுவோம். ஒரு மாதத்துக்கு மேலாக இருமுகிற அந்தப் பாட்டியை நாளைக் காலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். "தூசி இருமல்தான்" என்று ஒரே வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகள் இந்தச் சீமையின் பீடித் தெருக்களில் நடந்தவள் சொல்கிறேன், அந்த இரண்டு சொற்கள்தான் இங்கே காசநோயை மாதக்கணக்கில் ஒளித்து வைக்கின்றன. புகையிலைத் தூள் இருமலைக் கொண்டுவரும், உண்மைதான். ஆனால் இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலைச் சளி பரிசோதிக்காமல் தூசியின் தலையில் கட்டக் கூடாது. காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்கும் சளி வேண்டும், எச்சில் பயன்படாது. பரிசோதனையும் எக்ஸ்ரேயும் மாத்திரையும் அரசு மருத்துவமனையில் இலவசம். அதே தெருவில் ஒருவர் காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பாட்டி பேரப்பிள்ளைகளோடு ஒரே அறையில் படுக்கிறாரா என்று எழுதவில்லை. நம் பக்கத்து வீடுகள் எனக்குத் தெரியும், அப்படித்தான் இருக்கும். ஆகவே நாளைக்கே.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இது மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விதானா என்று தயங்கியிருக்கிறீர்கள். தயங்கவே வேண்டாம். ஒரு தெருவுக்கு வரும் பணம் குறைந்தால் அந்தத் தெருவின் உடம்பு குறையும். எந்த வழியாகக் குறைகிறது என்று தெரிந்துகொண்டால் பாதியையாவது தடுக்கலாம்.

உதவித்தொகை நின்ற அடுத்த நாளே யாரும் படுத்துவிடுவதில்லை. முதல் வாரம் தட்டில் சோறு அப்படியே இருக்கும், ரேஷன் அரிசி இருக்கிறதே. முட்டையும் கருவாடும் பருப்பும் காணாமல் போகும். குழம்பு புளித்தண்ணீர் ஆகும். அடுத்து, காலைச் சாப்பாட்டின் இடத்தில் ஒரு தம்ளர் கறுப்புத் தேநீர் வந்து உட்காரும். பசியை மட்டுப்படுத்திக்கொண்டு மத்தியானம் வரை சுற்றலாம் அல்லவா? அதற்கடுத்து மாத்திரை குறையும். அதற்கடுத்து, "பரிசோதனைக்கு அடுத்த மாதம் போய்க்கொள்ளலாம்" என்ற பேச்சு. பிறகு, எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தாயின் பக்கத்தில் பீடி சுற்றும் சுளகோடு (முறத்தோடு) உட்காருவாள். நோய் இவை எல்லாவற்றுக்கும் பின்னால்தான் வருகிறது. அது வந்து சேரும்போது, உதவித்தொகை நின்ற மாதம் யாருக்கும் நினைவில் இருக்காது.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஆலங்குளம் பக்கத்து ஊர் ஒன்றில் இரத்த அழுத்த நோயாளிகளை வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு போனோம். அறுபத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மா திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். மடியில் சுளகு, அதில் நனைத்து வெட்டிய இலை, தூள், நூல்கண்டு. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். "தவறாமல்" என்றார். காட்டச் சொன்னேன். சுளகின் ஓரத்திலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே எல்லாம் அரை மாத்திரைகள். பீடி இலை வெட்டும் கத்தரியாலேயே ஒவ்வொன்றையும் நறுக்கி, ஒரு மாத மாத்திரையை இரண்டு மாதத்துக்கு ஆக்கி வைத்திருந்தார். வெட்டுவாயில் புகையிலைத் தூள் ஒட்டியிருந்தது. அழுத்தம் 200ஐத் தாண்டி நின்றது.

மாத்திரை இலவசம்தானே, ஏன் இப்படி என்று கேட்டேன். மாத்திரை இலவசம், அதை வாங்கிவர ஒரு நாள் ஆகிறது. ஒரு நாள் போனால் அன்றைய பீடி போயிற்று என்றார். முன்பு உதவித்தொகை வந்துகொண்டிருந்தபோது அந்த ஒரு நாளை அவரால் விட முடிந்தது. அது நின்று ஐந்து மாதம் ஆகியிருந்தது. நான் மாத்திரையைச் சரிசெய்தேன், புத்தி சொன்னேன், அடுத்த வீட்டுக்குப் போனேன். உதவித்தொகை ஏன் நின்றது, யாரிடம் மனு கொடுத்தீர்கள் என்று கேட்கவில்லை. அது என் வேலை இல்லை என்று அப்போது நினைத்தேன். மூன்று வாரத்தில் பக்கவாதம் வந்து அவருக்கு வலது கை விழுந்துவிட்டது. அந்தக் கைதான் பீடி சுற்றுகிற கை. அன்றைக்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், மாத்திரையைக் கேட்ட அதே மூச்சில் குடும்ப அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் கேட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

ஆகவே உங்கள் தெருவில் முதலில் பார்க்க வேண்டியது மாத்திரைப் பொட்டலத்தைத்தான். சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு, ஆஸ்துமா, காசநோய் இவற்றுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் யார் யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். "சாப்பிடுகிறீர்களா" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். பொட்டலத்தை வாங்கி எண்ணிப் பாருங்கள். சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் வீட்டிலேயே மாத்திரை கொடுப்பதற்கு 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இருக்கிறது. அதன் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் உங்கள் பட்டியலைக் கொடுத்து, விடுபட்டவர்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் வராத மாதத்தில் குழுவில் ஒருத்தி எல்லோருடைய சிகிச்சை அட்டையையும் எடுத்துக்கொண்டு போய் சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் கேட்டு வாங்கிவரட்டும். பத்துப் பேர் பத்து நாள் இழப்பதற்கு ஒருத்தி ஒரு நாள் போவது மேல். அவளுக்கு அன்றைய பீடிக் கூலியைக் குழு கொடுத்துவிட வேண்டும். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. போய்வரும் செலவு அந்தக் கூலி மட்டும்தான்.

அடுத்தது தட்டு. இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

நாம் பட்டினி என்றால் வயிறு காய்வது என்று நினைக்கிறோம். உங்கள் தெருவில் வயிறு காயாது, சோறு இருக்கும். காய்வது தசையும் இரத்தமும். ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடந்தது. காசநோயாளிகளின் வீட்டில் உடன் வசிப்பவர்களுக்கு, ஒரு பிரிவினருக்கு மட்டும், ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது; நுரையீரலில் தொற்றிப் பரவும் வகை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இதைச் செய்தது அரிசியும் பருப்பும். இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்பப் பாருங்கள். குடும்ப அட்டையிலிருந்து ஒரு பெயர் நீங்கினால் போவது என்ன? உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஓர் ஆளுக்குச் சொல்வதும் மாதம் அதே 5 கிலோ தானியம்தான். ஆகவே அந்த இரண்டு அட்டைகளின் விவகாரத்தை அலுவலகக் காகித வேலை என்று எண்ணாதீர்கள். தெருவுக்குக் காசநோய்த் தடுப்பு அதுதான்.

கைரேகை பதியாததற்குக் காரணமும் பீடிதான். இருபது வருடம் ஈர இலையை விரல் நுனியால் உருட்டி மடக்கினால் ரேகை தேய்ந்து வழவழப்பாகிவிடும். அந்தப் பெண்களின் பெருவிரலைத் தொட்டுப் பாருங்கள், கண்ணாடி மாதிரி இருக்கும். உழைத்துத் தேய்ந்த விரலை, ஆளே இல்லை என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆதார் சரிபார்ப்பு தோற்றது என்ற ஒரே காரணத்துக்காகத் தகுதியுள்ள யாருக்கும் உணவுப்பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. கருவிழிப் பதிவு இருக்கிறது. நடக்க முடியாதவருக்குப் பதிலாக வேறொருவர் வாங்க எழுதிக் கொடுக்கும் படிவம் இருக்கிறது. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட்டில் தொடங்கியிருக்கிறது. இவற்றைச் சொல்லி, வட்ட வழங்கல் அலுவலகத்தில் பெயரை மீண்டும் சேர்க்க எழுத்தில் கேளுங்கள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை குடும்ப அட்டைக் குறைதீர் முகாம் நடக்கும். அன்றைக்குப் போனால் கையோடு முடியும் வாய்ப்பு அதிகம். ரேஷன் புகாருக்கு 1967 என்ற எண்ணும் இருக்கிறது.

வீட்டுச் சமையலில் நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான், நீங்களே அறிந்ததுதான். ரேஷன் பருப்பையும் பாமாயிலையும் யாரும் வெளியே விற்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கை இறுகும்போது முதலில் கைமாறுவது அவைதான். நம் பாட்டிமார் செய்த உளுந்தஞ்சோறும் காணத் (கொள்ளு) துவையலும் ஏழை வீட்டு மருந்து. கறுப்புத் தொலி உளுந்தைச் சோற்றோடு வேகவைத்து, எள்ளுத் துவையலோடு சாப்பிட்ட உடம்பு அது. வாரத்தில் இரண்டு நாள் அது தெருவுக்குத் திரும்பி வரட்டும். தமிழ்நாட்டில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. முருங்கைக்கீரை தெருவிலேயே இருக்கிறது. ஆனால் சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அந்தக் கீரையின் இரும்புச் சத்தும், செவிலியர் கொடுத்த இரும்பு மாத்திரையும் உடம்பில் சேராமல் போகும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகள் இருவரிடமும் இதை இன்றே சொல்லுங்கள். அவர்கள் தூள் கலக்குவதை இந்த மாதங்களில் வேறு யாராவது செய்யட்டும். புகையிலையின் நிகோட்டின் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு இருவரும் பதிந்திருக்கிறார்களா என்று கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். 18,000 ரூபாய் மதிப்புள்ள அந்த உதவி, வங்கிக் கணக்கில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால்கூட நின்றுபோகும்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளை அங்கன்வாடியில் கைச்சுற்றளவு நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். இடது மேற்கையின் நடுவில் சுற்றிப் பார்ப்பார்கள். பன்னிரண்டரை சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் கவனம் வேண்டும். பதினொன்றரைக்குக் கீழே வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. பெரியவர்களுக்கு எடை போதும். 150 செ.மீ. உயரமுள்ள பெண் 42 கிலோவுக்குக் கீழே இருந்தால் அவள் ஒல்லி அல்ல, ஊட்டம் குறைந்தவள். மாதம் ஒருமுறை அளந்து அதே நோட்டில் எழுதுங்கள். அந்தக் கொத்தனாரின் எடையை மட்டும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். காசநோயில் மாத்திரை சாப்பிட்டும் எடை ஏறாதவர்தான் ஆபத்தில் இருப்பவர். 2022ல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இதைத்தான் முன்னே வைக்கிறது: நோய் உறுதியான உடனே மிக மெலிந்தவரையும், பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாதவரையும் கண்டுபிடித்து மருத்துவமனையில் சேர்ப்பது. அவருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகை வர வேண்டும். 500 ஆக இருந்ததை 2024 நவம்பரில் இரட்டிப்பாக்கினார்கள். வருகிறதா என்று அவருடைய வங்கிப் புத்தகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

உங்கள் 46,000 ரூபாய். பிரித்துக் கொடுக்காதீர்கள். 38 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 1,210 ரூபாய் வரும்; இரண்டு வாரத்தில் கரைந்துவிடும், குழுவும் கரைந்துவிடும். சமமாகப் பிரிப்பது நியாயம் என்று தோன்றும். எல்லா வீடும் ஒரே அளவு முட்டுப்படவில்லை என்பதால் சொல்கிறேன். அந்த மூன்று பாட்டிமாருக்கு, நின்றுபோன 1,200 ரூபாயை மூன்று மாதத்துக்குக் குழு கைமாற்றாகக் கொடுக்கட்டும், 10,800 ஆகும். உதவித்தொகை திரும்ப வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பட்டும், வராவிட்டால் போகட்டும். கர்ப்பிணிகள் இருவர், காசநோயாளி, நாடாவில் குறைந்த பிள்ளைகள், எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்வோம். தினம் ஒரு முட்டை, முட்டை 7 ரூபாய் என்றால் ஆறு மாதத்துக்கு 10,080. முட்டையைப் பணமாகக் கொடுக்காமல், அவித்து, கண்முன்னே சாப்பிடக் கொடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் தாய் அதை நான்காகப் பங்கிடுவாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டும் சேர்ந்து 20,880. மீதி ஏறக்குறைய 25,000 ரூபாயைத் தொடாமல் வைத்திருங்கள், ஒரே ஒரு செலவுக்காக. இரவில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேரும்போது, வட்டிக்கு விடுகிறவர் வாசலில் போய் நிற்காமல் இருப்பதற்காக.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2017 அக்டோபரில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டியால் ஒரு குடும்பமே, கைக்குழந்தையோடு, தீயில் போனது. நம் மாவட்டத்தில் அதை மறந்தவர் யாரும் இருக்க முடியாது. வருமானம் குறைந்த வீட்டில் முதலில் நுழைவது கிருமி அல்ல, வட்டி. கந்துவட்டியைத் தடை செய்யும் சட்டம் 2003லிருந்து இருக்கிறது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஆட்டோ வாடகைக்குச் சட்டம் உதவாது, குழுவின் பணம் உதவும். எந்த வீட்டிலாவது தவணை நெருக்குதல் என்று தெரிந்தால், அந்த வீட்டுப் பெண்ணோடு தனியாக உட்கார்ந்து பேசுங்கள். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்கிறாள் என்றால் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் மனநல ஆலோசகர் பேசுவார், தமிழிலேயே. அவளைத் தனியே விட்டுவிட்டு வராதீர்கள்.

மளிகைக் கடைக்காரர் சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தச் சொல் உங்கள் பெண்களை மனுக் கொடுக்க விடாமல் கூச வைக்கும். பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் 1976ல் வந்தது. நீங்கள் சுற்றிய பீடியின் மீது, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று தனித் தீர்வை வாங்கி, அதிலிருந்துதான் மருத்துவமனையும் பிள்ளைகளின் உதவித்தொகையும் வீட்டு மானியமும் நடந்தன. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்று இருக்கும் மருத்துவமனை அப்படி வந்ததுதான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வையை எடுத்துவிட்டார்கள். நல நிதி தனக்கென்று இருந்த ஊற்றை இழந்து, ஆண்டுதோறும் மத்திய அரசின் ஒதுக்கீட்டைப் பார்த்து நிற்கும் நிலைக்கு வந்தது. உங்கள் உழைப்பின் மேல் விதித்த தீர்வை உங்களுக்கே திரும்பி வந்ததை இலவசம் என்று சொல்வது பொருந்தாது. முதியோர் உதவித்தொகை இந்த மாநிலத்தில் 1962லிருந்து இருக்கிறது. அதில் மத்திய அரசின் பங்கு, எண்பது வயதுக்குக் கீழே இருப்பவருக்கு, ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் வைத்த அதே 200 ரூபாய். அன்றைய 200 ரூபாய்க்கு வந்த பருப்பு இன்று வராது. எந்த ஆணையும் போடாமலேயே குறைந்த உதவி இது, குறைத்தது விலைவாசி. பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போடும் திட்டத்தைக் காமராஜர் 1956ல் தொடங்கிய எட்டயபுரம் அன்று நம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தச் சோற்றைச் சாப்பிட்டுப் படித்த தலைமுறையில் மருத்துவர்கள் வந்தோம், ஆசிரியர்கள் வந்தார்கள். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அவருடைய கடையில் ஓடும் பணமும் இந்த உதவித்தொகைதான் என்பதை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பணக்கார நாட்டிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் 2010க்குப் பிறகு பத்தாண்டுகள் உதவித்தொகைகளையும் உள்ளாட்சி நிதியையும் வெட்டினார்கள். நூறாண்டுக்கு மேல் ஏறிக்கொண்டே வந்த ஆயுட்காலம் அந்தப் பத்தாண்டில் ஏறக்குறைய நின்றுவிட்டது. லண்டனுக்கு வெளியே மிக ஏழைப் பகுதிகளில் வாழும் பெண்களுக்குக் குறையவே செய்தது. மைக்கேல் மார்மட் என்ற பேராசிரியர் குழு 2020ல் இதை அறிக்கையாகவே வெளியிட்டது. வெட்டினால் பெண்களின் உடம்பில்தான் முதலில் தெரிகிறது.

இன்னொன்று, பணத்தோடு சேராதது. 2012ல் நம் மாவட்டத்தை டெங்கு உலுக்கியபோது கடையநல்லூரில் வீடுகளுக்குப் போனவர்களில் நானும் ஒருத்தி. அதுவும் பீடி சுற்றும் ஊர். குழாய்த் தண்ணீர் தினமும் வராத வீடுகளில் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைத்திருந்த தண்ணீரில்தான் கொசுப்புழு நெளிந்தது. உங்கள் ஊரில் தண்ணீர் விடும் நாள் குறைந்திருந்தாலோ, கொசு மருந்துப் பணியாளர் வருவது நின்றிருந்தாலோ, வாரத்தில் ஒரு நாள் தெரு முழுக்க டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை கொசுவாக ஏழு நாள் முதல் பத்து நாள் வரை ஆகும். வாரம் ஒரு முறை கழுவினால் போதும். தேய்ப்பது முக்கியம். முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது மனு. குழுவின் பணமும் உங்கள் நோட்டும் சில மாதம் தாங்கும். அரசு தர வேண்டியதை நீங்கள் காலமெல்லாம் தர முடியாது, தரவும் கூடாது. மூன்று பாட்டிமாருக்கும் உதவித்தொகை ஏன் நின்றது என்பதைச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டாம். "மகன் இருக்கிறான்" என்பார்கள். மகன் சோறு போடுகிறானா என்பதுதான் கேள்வி. வங்கிக் கணக்கு முடங்கியிருந்தாலோ ஆதாரில் வயது மாறியிருந்தாலோ அதை அன்றைக்கே திருத்த முடியும். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், முப்பது நாளில் சொல்ல வேண்டும். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொக்கிரகுளத்துக்குப் போகும்போது தனித்தனியாகப் போகாதீர்கள்; ஒரே நாளில், ஒரே வரிசையில், ஆளுக்கொரு மனுவோடு போங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

மனுவோடு நோட்டின் பக்கங்களை நகல் எடுத்து இணையுங்கள். உதவித்தொகை நின்ற மாதம், அந்த மாதத்து எடை, அடுத்த மாதத்து எடை, மாத்திரை விடுபட்ட நாட்கள். பெயர்களை மறைத்துக்கொள்ளலாம், எண்களை மறைக்க வேண்டாம். கஷ்டப்படுகிறோம் என்று எழுதிய மனுக்கள் அலுவலகத்தில் கட்டுக்கட்டாக இருக்கும். எங்கள் தெருவில் இந்த வயதான பெண் மூன்று மாதத்தில் இத்தனை கிலோ இறங்கியிருக்கிறாள் என்று எழுதியது அதிகம் இருக்காது. அதே பக்கங்களை அடுத்த கிராமசபையில் வாசித்துத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். சுகாதார நிலையத்து மருத்துவரிடமும் ஒரு நகல் கொடுங்கள். என்னைப் போல் அவரும் ஒருநாள் கேட்கத் தவறிவிடக் கூடாது.

பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கு, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பம் எந்த நிலையில் நிற்கிறது என்று பள்ளியில் கேளுங்கள். பல நேரம் பள்ளியின் சரிபார்ப்பிலேயே நின்றிருக்கும். அது வரும்வரை எந்தப் பெண்பிள்ளையும் படிப்பை விட்டுச் சுளகோடு உட்கார்ந்துவிடாமல் குழு பார்த்துக்கொள்ள வேண்டும். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

பாட்டியின் சளிப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். காசநோய் என்று வந்தால் அந்த வீட்டில் எல்லோரையும், குறிப்பாகப் பேரப்பிள்ளைகளை, உடனே பரிசோதித்துத் தடுப்பு மாத்திரை தொடங்க வேண்டும். இல்லை என்று வந்தால் அவருடைய நெஞ்சை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். அதற்கு என்ன கேட்பது என்று எழுதி அனுப்புகிறேன். இரண்டில் எதுவானாலும் அவருடைய எடையைக் குறித்து அனுப்ப மறக்க வேண்டாம்.